இரண்டு சாவியும் என்னிடம்தான்

இரண்டு சாவியும் என்னிடம்தான் இருக்கின்றன என்று நான் சொன்னபோது சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தேகால். இப்போது பதினொன்றரை. போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் அதை எழுதியும் முடித்துவிட்டார். நீல மையில், கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்த கையெழுத்தில், வாகனத்தின் இரு சாவிகளும் மனுதாரர் வசமே உள்ளன. மனுதாரர் என்றால் நான், மதுரையில் இன்வெர்ட்டர் பேட்டரி கடை வைத்திருக்கிற கதிரேசன், வயது ஐம்பத்து மூன்று. வசம் என்ற சொல்லை இரண்டு தடவை படித்தேன். ஒரு சாவி சட்டைப் பையில் இருக்கிறது, அது நிஜம், குனிந்தால் நெஞ்சில் குத்துகிறது. இன்னொன்று மதுரை வீட்டுப் பீரோவில் இருக்கிறது என்றேன், அது பொய். அந்த இன்னொன்று வேனோடேயே போய்விட்டது. அது எங்கே இருந்தது, எப்படித் திருடன் கைக்குப் போயிருக்கும் என்று இந்த ஸ்டேஷனில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வருவாராம். வந்துதான் எதிர்ச் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருக்கிற காவல்காரர் கொம்பையாவை விசாரிக்க வேண்டுமாம். விசாரிக்க என்று இங்கே எல்லோரும் சாதாரணமாகத்தான் சொல்கிறார்கள், டீ குடிக்க என்பதுபோல. கொம்பையா மட்டும் அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் காலை இன்னும் கொஞ்சம் உள்ளே மடக்கிக்கொள்கிறார். இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது, அதற்குள் ஏதாவது நடந்துவிடும், வேன் கிடைத்துவிட்டது என்று எந்தச் சோதனைச்சாவடியிலிருந்தாவது போன் வந்துவிடும், நான் எதையும் சொல்ல வேண்டியிருக்காது. இப்படித்தான் பத்தேகாலிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வேன் என்றால் கல்யாணத்துக்கு ஆள் ஏற்றுகிற வேன் அல்ல. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய பழைய வண்டியை வாங்கி, சீட்டையெல்லாம் கழற்றிப் போட்டு, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கூரையில் சோலார் என்று பதினோரு மாதம் உழைத்து ஓடுகிற வீடாக மாற்றினேன். மங்கை ஜன்னலுக்கெல்லாம் திரை தைத்தாள். மங்கை என் மனைவி, இதே பெஞ்சில்தான் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், நேற்று அருவியில் குளித்துவிட்டு மாற்றிய சேலையோடு, ஏனென்றால் மற்ற சேலைகளெல்லாம் வேனுக்குள் இருந்தன. நனைந்த சேலை அவள் காலடியில் ஒரு பையில் கிடக்கிறது, அதன் ஈரவாடை இந்த அறை முழுக்க நிற்கிறது, எல்லோருக்கும் அடிக்கும், யாரும் சொல்லவில்லை. நேற்று ஞாயிறு மத்தியானம் வேனை நாங்கள் தங்கியிருந்த தோப்பில் விட்டுவிட்டு ஆட்டோவில் அருவிக்குப் போனோம். சாரல் நன்றாக இருந்தது. மங்கை சின்னப் பெண்போலச் சிரித்தாள், தண்ணீர் தலையில் அடிக்கும்போது என்னவோ கத்தினாள், எனக்குக் கேட்கவில்லை. ஐந்து மணிக்குத் திரும்பி வந்தால் வேன் நின்ற இடத்தில் டயர் தடமும், காலையில் நான் பல் தேய்த்துத் துப்பிய வெள்ளையும்தான் இருந்தன. கேட்டில் காவலுக்கு இருந்த கொம்பையா எழுந்து நின்று, "மூணு மணிக்கே உங்க டிரைவரு எடுத்துட்டுப் போயிட்டாரே சார்," என்றார். எனக்கு டிரைவர் கிடையாது. கண்ணாடி உடையவில்லை, அறுத்த வயர்த் துண்டு ஒன்றுகூடக் கீழே இல்லை. சாவி போட்டுத்தான் ஓட்டிப் போயிருக்கிறான். அந்தச் சாவி எங்கிருந்து வந்தது, ரைட்டர் கேட்டது அவ்வளவுதான். இரண்டும் உங்களிடம் என்றால் எவனோ அச்செடுத்துப் புதிதாக ஒன்று செய்திருக்கிறான், எவன் செய்திருப்பான், இரண்டு நாளாக வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தவன்தானே. அவர் யோசனை நேராகக் கொம்பையாவிடம் போய் நின்றது. காலை எட்டு மணிக்கே விவரம் கேட்க என்று வரச்சொன்ன ஆளை அதற்குமேல் போகவிடவில்லை. நான் கொம்பையா பெயரைச் சொல்லவே இல்லை. சொல்லவில்லை, சொல்லவில்லை என்று நூறு தடவை எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். சொல்ல வேண்டிய தேவையே எனக்கு இருக்கவில்லை.

சொல்லிவிட்டால்தான் என்ன. ஐயா, இன்னொரு சாவி பீரோவில் இல்லை, வண்டியிலேயே ஒளித்து வைத்திருந்தேன், அவ்வளவு சின்ன வாக்கியம். இன்சூரன்ஸ்காரன் இரண்டு சாவியையும் கேட்பான், வண்டியிலேயே சாவி வைத்த முட்டாளுக்கு எதுவும் கிடையாது என்பான், அதனால்தான் வாய் வரவில்லை என்று நேற்றிலிருந்து எனக்கு நானே காரணம் சொல்லிவருகிறேன். அதுவும் பொய். பணம் போனால் போகிறது என்றுகூடத் தோன்றிவிட்டது. சனிக்கிழமை நான் பேசிய பேச்சுதான் வாயை அடைக்கிறது. எங்களைப்போல வண்டியை வீடாக்கிக்கொண்டவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை சாரல் சமயத்தில் இந்தத் தோப்பில் கூடுவோம், இருபது இருபத்தைந்து வண்டி வரும். இந்த வருஷம் வண்டித் திருட்டைத் தடுப்பது எப்படி என்று பேசியது யார்? நான். மைக் கொடுத்தார்கள், வேண்டாம் என்றேன், என் குரலுக்கு எதற்கு மைக். ஸ்டியரிங்குக்கு இரும்புப் பூட்டுப் போடுங்கள் என்றேன். வண்டி எங்கே நிற்கிறது என்று போனில் காட்டுகிற கருவியை எவனும் தேடாத இடத்தில் பொருத்துங்கள் என்றேன். டீசலை நிறுத்த ரகசியமாக ஒரு சுவிட்ச், கண்ணாடியில் வண்டி நம்பரைப் பொறிப்பது, கதவுப் பக்கம் புதர் இருக்கிற இடத்தில் நிறுத்தாமல் இருப்பது, எதையும் விடவில்லை. திருடன் சோம்பேறி, பத்து நிமிஷ வேலை என்று தெரிந்தால் பக்கத்து வண்டிக்குப் போய்விடுவான் என்றேன். சிரித்தார்கள். கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் இப்போது இந்த மின்விசிறிச் சத்தத்துக்குள் இருந்து வருகிறது, டடக் டடக் என்று, நிறுத்தச் சொல்லலாமா என்று பார்க்கிறேன். என் இரும்புப் பூட்டை எல்லோருக்கும் காட்டுவதற்காகக் கழற்றி மேஜையில் வைத்தேன், திண்டுக்கல் பசுபதி எடுத்துப் பார்த்தார், அது அவர் வண்டியிலேயே திண்டுக்கல் போய்ச் சேர்ந்துவிட்டது. இடம் காட்டுகிற கருவிக்கு ரீசார்ஜ் செய்து மூன்று மாதம் ஆகிறது. ரகசிய சுவிட்சை நானே பொருத்தினேன், சீட்டுக்கு அடியில், ஒவ்வொரு தடவையும் குனிய வேண்டியிருந்தது, முதுகு வலித்தது, இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கிவிட்டுவிட்டேன். திருடன் சோம்பேறி என்றேனே. ரைட்டர் கார்பன் தாளை மாற்றுகிறார், விரலில் மை ஒட்டிக்கொள்ள, தலைமுடியிலேயே துடைத்துக்கொள்கிறார். சீக்கிரம் கையெழுத்துக்குக் கூப்பிடுவார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை, மறதி, சோம்பல், யாருக்கும் வரும். அந்த மூட்டையைத்தான் என்னால் வெளியே சொல்ல முடியவில்லை. போன ஆயுத பூஜைக்கு மங்கை படிகாரக் கட்டி ஒன்றைக் கறுப்புத் துணியில் முடிந்து வேனின் முன்பக்கம் பம்பருக்குக் கீழே தொங்கவிட்டாள், ஊர்க்கண் படக்கூடாது என்று. எங்கள் தெருவில் அது தொங்காத வண்டி கிடையாது, கடைக்கும் ஒன்று தொங்குகிறது. ஒருமுறை ராமேஸ்வரத்தில் சாவியை உள்ளேயே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, மச்சினன் மதுரையிலிருந்து இன்னொரு சாவியைக் கொண்டுவரும்வரை நாலு மணி நேரம் வெயிலில் நின்றேன். அப்போது வந்த யோசனை இது. மங்கைக்குத் தெரியாமல் மூட்டையை அவிழ்த்து, படிகாரத்தோடு அந்தச் சாவியையும் வைத்து முடிந்துவிட்டேன். திருஷ்டிக்குக் கட்டியதை எவன் தொடுவான்? ஊரார் கண்ணெல்லாம் அதில் அல்லவா இறங்கியிருக்கிறது, திருடனுக்கும் பிள்ளைகுட்டி இருக்குமே. என்னை நானே மெச்சிக்கொண்டேன். மெச்சிக்கொண்டு சும்மா இருந்தேனா. பேச்சு முடிந்து சுக்குக்காப்பி குடிக்கும்போது, சாவி தொலைந்தால் என்ன செய்வது அண்ணாச்சி என்று யாரோ கேட்டார்கள். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன். உங்களுக்கு மட்டும் என்றால் பதினைந்து பேர். அப்புறம் காப்பி ஊற்றியவர்கள், பந்தல் பிரிக்க வந்தவர்கள், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வண்டிகளை வேடிக்கை பார்த்தவர்கள். என் குரலுக்கு எதற்கு மைக். மங்கை மட்டும் கேட்கவில்லை, தலைவலி என்று வேனுக்குள் படுத்திருந்தாள், நல்லவேளை என்று அப்போதே நினைத்தேன். நேற்று ராத்திரியிலிருந்து எங்கள் குழுவில் செய்தி மேல் செய்தி வருகிறது, வருத்தம், தைரியமாக இருங்கள், எந்த உதவி என்றாலும். அந்தப் பதினைந்து பேரில் ஒருவர்கூட மூட்டையைப் பற்றிக் கேட்கவில்லை. பசுபதி மட்டும், ரெண்டு சாவியும் பத்திரமா இருக்குல்ல அண்ணாச்சி என்று கேட்டிருந்தார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படத்தை அனுப்பினேன். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை, என்னை மேலும் பொய் சொல்ல வைக்கக்கூடாது என்று நினைத்திருப்பார். அந்த மரியாதையை நினைத்தால் காது சுடுகிறது.

ரைட்டர் மேஜையில் கொம்பையாவின் போன் கிடக்கிறது, வாங்கி வைத்துவிட்டார்கள். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அடித்து, மேஜைமேல் தானாகவே கொஞ்சம் நகர்ந்து, ஓய்கிறது. ரைட்டர் ஒருமுறை எட்டிப் பார்த்து, "வீடுன்னு வருதுலே," என்றார், எடுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. கொம்பையா ஒவ்வொரு தடவையும் போனைப் பார்க்கிறார், அப்புறம் என்னைப் பார்க்கிறார். ஏன் என்னைப் பார்க்க வேண்டும்? ஐம்பது வயது இருக்கும், நரைத்த மீசை, காக்கிச் சட்டையில் மேல் பட்டன் இல்லை. இந்த ஆளே எடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். நினைத்துவிட்டேன், வாய்விட்டுச் சொல்லாத வரைக்கும் யாருக்குத் தெரியும், ஆனால் நினைத்துவிட்டேன், முழுசாக நினைத்தேன், இவருக்குக் கடன் இருக்கும், மகளுக்குக் கல்யாணம் இருக்கும், எவனோ ஆசை காட்டியிருப்பான் என்று ஒரு கதையே கட்டினேன். அந்தக் கதையில் நான் முட்டாள் இல்லை, ஏமாற்றப்பட்டவன். இன்சூரன்ஸ்காரன் சாவி கேட்டால் மதுரையில் புதுமண்டபத்துப் பக்கம் ஒரே நாளில் மாற்றுச்சாவி வெட்டித் தருவார்கள் என்பதுவரை போய்விட்டேன். அப்போதுதான் அந்த நோட்டு ஞாபகம் வந்தது. சனிக்கிழமை காலை நாங்கள் தோப்புக்குள் நுழையும்போது கொம்பையா கேட்டை மறித்து ஒரு நோட்டை நீட்டினார், பேரும் வண்டி நம்பரும் எழுதுங்க, உள்ள வரும்போதும் வெளிய போகும்போதும் எழுதணும் சார் என்றார். பின்னால் நாலு வண்டி நின்றது. என்னைப் பார்த்தால் திருடன் மாதிரியா இருக்கிறது என்று கேட்டேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. கூட்டம் நடத்துகிறவர் ஓடிவந்து, நம்ம ஆளுகளை நிறுத்தி வைக்காதய்யா, யாரையும் எதுவும் கேக்காத என்று கொம்பையாவைச் சத்தம் போட்டார். கொம்பையா நோட்டை மூடிவிட்டார். அதற்குப் பிறகு யாரையும் எதுவும் கேட்கவில்லை, நேற்று மூன்று மணிக்கு என் வேன் வெளியே போனபோதும் கேட்கவில்லை. ஓட்டியவன் கையைத் தூக்கிக் காட்டியிருக்கிறான், இவர் சலாம் வைத்துக் கேட்டைத் திறந்துவிட்டிருக்கிறார்.

மங்கை வெளியே போய் மூன்று பன்னும் டீயும் வாங்கி வந்தாள். ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு, ஒன்றைக் கொண்டுபோய்க் கொம்பையாவிடம் கொடுத்தாள். அவர் எழுந்திருக்கப் போனார், உட்காருங்க உட்காருங்க என்றாள். அவர் சாப்பிடவில்லை, காகிதத்தோடு பக்கத்தில் வைத்துக்கொண்டார். மங்கை திரும்பி வந்து என் காதோடு, "இந்தாளப் பாத்தா எடுத்தவரு மாதிரி தெரியலங்க," என்றாள். யாரை நம்புவது என்று நான் சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன், பன்னை மென்றுகொண்டே. அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். அப்புறம் கை கழுவ வேண்டும் என்று எழுந்து பின்பக்கம் போனாள். ரைட்டர் போன் பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார், மழை பிடித்துக்கொண்டதா என்று வெளியே கையை நீட்டிப் பார்த்தார். அறையில் நானும் கொம்பையாவும் மட்டும். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், பன்னிரண்டு நாற்பது.

"சார்," என்றார் கொம்பையா. குரல் ரொம்பத் தணிவாக இருந்தது. "அந்தக் கறுப்பு மூட்ட நேத்து காலைல கயிறு தளந்து தரையில கெடந்துச்சு. திருஷ்டிக்குக் கட்டுனது மண்ணுல கெடக்கக் கூடாதுன்னு நாந்தான் தூக்கிக் கட்டுனேன். உள்ள சாவி கையில தட்டுப்பட்டுச்சு."

நான் வாசலைப் பார்த்தேன், ரைட்டர் இன்னும் போனில்தான் இருந்தார்.

"இவுககிட்ட அதச் சொல்லல சார். நான் சொன்னா, உனக்கெப்படிலே தெரியும்பாங்க. அதோட என் கத முடிஞ்சுது. நீங்க சொன்னா ஒண்ணுமில்ல." அப்புறம் ஏதோ பஸ்ஸுக்கு வழி விசாரிப்பதுபோல, "ஒரு மணிக்குள்ள சொன்னீங்கன்னா நல்லாருக்கும்," என்றார்.

எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. அதை இங்கே ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். முதலில் வந்தது நிம்மதி. இவரால் சொல்ல முடியாது, சொன்னால் இவரே மாட்டிக்கொள்வார், அப்படியென்றால் நான் தப்பித்தேன், இனி எவனாலும் நிரூபிக்க முடியாது. நெஞ்சு லேசானது, நன்றாக மூச்சு வந்தது, பன்னின் இனிப்புகூட நாக்கில் தெரிந்தது. அந்த மூச்சு உள்ளே போய்த் திரும்புவதற்குள் என்னைக் கண்டு எனக்கே குமட்டியது. என்னைப்போல ஆட்களைப் பற்றிப் பேப்பரில் படிக்கும்போது தூ என்று சொல்லியிருக்கிறேன். இவர் நேற்றே தெரிந்து வைத்திருக்கிறார். நான் போலீஸிடம் பீரோ என்று சொன்னபோது இதே சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது அவர் தலை நிமிர்ந்ததைப் பார்த்தேன், சுவரில் பல்லி ஏதோ என்று நினைத்தேன். அதற்குப் பிறகு இரண்டரை மணி நேரமாக நான் சொல்வேன் சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறார், என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. போன் அடிக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்தது அதற்குத்தான். சொல்லிவிடுகிறேன் என்று அவரிடம் சொல்ல நினைத்தேன், அதுவும் வரவில்லை. மங்கை வந்துவிட்டாள், ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு. மங்கைக்கு எதிரில் எப்படிச் சொல்வது, அவள் கும்பிட்டுக் கட்டியது, அதை நான் சாவிப்பெட்டியாக்கிப் பதினைந்து பேர் சிரிக்கச் சொல்லிக்காட்டியது. அவள் மறுபடி வெளியே போனால் சொல்லலாம். ரைட்டர் தனியாக இருக்கும்போது சொல்லலாம். கடிகாரத்தில் முள் நகர்வது தெரியவில்லை, பார்த்தால் நகர்ந்திருக்கிறது. வாசலில் ஜீப் வந்து நின்றது. ரைட்டர் தொப்பியைத் தேடினார். கொம்பையா எழுந்தார், கால் மரத்துப்போயிருக்கும், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், பன் காகிதத்தோடு கீழேயே கிடந்தது. அவர் இப்போது என்னைப் பார்க்கவில்லை. சட்டையின் மேல் பட்டனைப் போடப் போனார், பட்டன் இல்லை, கையால் அப்படியே பிடித்துக்கொண்டார்.

நான் எழுந்துவிட்டேன். "சார், ஒரு நிமிஷம்," என்றேன், அந்தப் பெரிய குரல் எங்கே போனதோ, ரைட்டர் என்ன என்ன என்று இரண்டு தடவை கேட்டார். சொன்னேன். கறுப்பு மூட்டை, படிகாரம், சாவி, சுக்குக்காப்பி, பதினைந்து பேர், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே நடுவில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது, நான் கூப்பிடாமலே வந்தது. "இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு சார். பீரோவுலன்னே நெனச்சுட்டேன்." ரைட்டர் பேனாவை மேஜையில் வைத்தார். மங்கை, "நான் கட்டுனதுலயா?" என்றாள், ஈரச் சேலைப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ரைட்டர் எழுதிய தாளைக் கிழித்தார், நாலாக மடித்து மறுபடி கிழித்தார். காலையிலேர்ந்து இந்தாள் எதிர்லயே உக்காந்துருக்காரு, உங்களுக்கு இப்பத்தான் ஞாபகம் வருதாக்கும் என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. வெளியே ஜீப்பின் கதவைச் சாத்துகிற சத்தம். நான் தரையைப் பார்த்தேன்.

கொம்பையா மேஜைப் பக்கம் வந்து தன் போனை எடுத்துக்கொண்டார். "விடுங்க சார்," என்றார் ரைட்டரிடம். "வண்டி போன வருத்தத்துல சாருக்கு மறந்துருக்கும். மறதி எல்லாருக்கும் வரதுதான?" சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, நான் ஏதோ சொல்வதற்கு இடம் விட்டு நின்றார்.

ஆமாம் என்று நான் தலையாட்டினேன்.